கட்டணமில்லாக் குழந்தை மருத்துவமும் குடும்பத்தின் செலவும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்காற் பணம்’ என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒரு பொருளின் விலை வேறு, அப்பொருள் நம் கைக்கு வந்து சேர ஆகும் செலவு வேறு என்பதை அது உணர்த்துகின்றது. சுண்டைக்காயை விலையின்றியே கொடுப்பினும் சுமைகூலி குறைந்துவிடுவதில்லை. அரசினரும் அறநிலையங்களும் குழந்தைகட்குக் கட்டணமின்றி அளித்துவந்த மருத்துவத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது. மருத்துவமனை எவ்வாண்டிற் கட்டப்பெற்றது, அதில் எத்தனை படுக்கைகள் இருந்தன, ஆண்டுதோறும் எத்தனை பேர் மருத்துவம் பெற்றனர் என்பன போன்ற செய்திகளை ஆவணங்கள் விரிவாகத் தருகின்றன. அப்படுக்கையிற் கிடந்த குழந்தையின் குடும்பம் அதற்காக என்ன இழந்தது என்பதை அவை தருவதில்லை. அவ்விழப்பு எக்காலத்தில் யாருடைய கணக்கில் இருந்தது, எப்பொழுது எவ்வாறு அரசின் கணக்கிற்கு ஓரளவு மாறியது என்பதைத் தமிழகத்தை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

ஈண்டுக் ‘கட்டணம்’ என்றும் ‘செலவு’ என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி ஆளுகின்றோம். மருத்துவமனை தன் பணிக்கெனக் கேட்டுப் பெறுவது கட்டணம். அப்பணியைப் பெறுதற்பொருட்டுக் குடும்பம் இழப்பது செலவு. வழிச்செலவு, உடனிருப்போர் உணவு, வெளிக்கடையில் வாங்கும் மருந்து, கடைநிலை ஊழியர் எதிர்நோக்கும் கைப்பணம், வேலைக்குச் செல்லாமையால் இழக்கும் கூலி, இவற்றின்பொருட்டு வாங்கும் கடனுக்குரிய வட்டி ஆகியன எல்லாம் செலவின்பாற்படும். இவற்றுள் எதுவும் மருத்துவமனைக் கணக்கில் ஏறுவதில்லை. ஏறாமையால் இல்லை என்றே கொள்ளப்படுகின்றது. ‘இலவசம்’ என்னும் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயக்கம் விளைவிக்கின்றது. முற்காலத்து மக்கள் அரசு மருத்துவமனையைத் ‘தருமாஸ்பத்திரி’ என வழங்கினர். அதுவும் கொடுப்போன் செயலைச் சுட்டியதேயன்றிக் கொள்வோன் நிலையைச் சுட்டியதன்று.

கொடுப்போன் தன் கணக்கை எவ்வளவு விரிவாக எழுதுதல் கூடும் என்பதற்குப் பழைய சான்றொன்று நம்மிடம் உண்டு. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 1068ஆம் ஆண்டினது. அக்கோயிலைச் சார்ந்து நடைபெற்ற வேதப்பள்ளி மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாக ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலை இருந்தது என்றும், அதில் 15 நோயாளர்க்கு இடம் இருந்தது என்றும் அது கூறும். மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டிற்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வரையறுக்கப்பட்டன. இவ்வளவில் நின்றிருப்பின் அது பிற கொடைகளைப் போன்றதொரு கொடையே ஆகும். கல்வெட்டோ மேலும் செல்கின்றது. சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மருந்துக்குரிய பச்சிலையும் விறகும் கொணர்வோர் இருவர், மருந்து அடும் பெண்டுகள் இருவர், நாவிதன், நீர் கொணர்வான் என ஒவ்வொருவர்க்கும் பங்கு வகுக்கின்றது. நோயாளி ஒருவனுக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசியும், இரவில் எரியும் விளக்கிற்கு எண்ணெயும் குறிக்கப்படுகின்றன.

இச்சாலை நாட்டு மக்கள் அனைவர்க்கும் திறந்திருந்தது என்றோ, குழந்தைகட்கென அமைந்தது என்றோ யாரும் கொள்ளற்க. அது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்டது. குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு அளித்த மருத்துவக்காணி முதலியனவும் இவ்வாறே ஒரு வரம்புக்குட்பட்ட கொடைகளேயாம். நாம் இங்குக் கருதுவது அதன் கணக்கு முறையை மட்டுமே. விறகு, நீர், விளக்கு, சோறு, பணிவிடை ஆகிய ஐந்தும் மருத்துவத்தின் பகுதி என அக்கல்வெட்டை எழுதுவித்தோர் கருதினர். பிற்கால மருத்துவமனைகளில் இவ்வைந்தும் பெரும்பாலும் நோயாளியின் உறவினர் தலைமேல் விழுந்தன. அரசு மருத்துவமனை வாயிலில் தூக்குச்சட்டியும் தண்ணீர்ப் புட்டியும் ஏந்தி நிற்கும் மக்கள் கூட்டத்தைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலேயர் காலத்துச் சென்னையிலும் இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1782இல் பஞ்சத்தால் நலிந்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தைச் சார்ந்து பின்னர் மருத்துவமனை ஒன்று வளர்ந்தது. அதன் வழிவந்ததே இக்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை. அரசினர் அதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர் சூட்டினர். மக்களோ ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர். மருத்துவரின் பெயராலோ ஆளுநரின் பெயராலோ அன்றி, அங்குக் கிடைத்த கஞ்சியின் பெயரால் ஏழை மக்கள் அவ்விடத்தை அறிந்தனர் என்பது கருதத்தக்கது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்வோர் இத்தகைய வழக்குப் பெயர்களையும் தொகுப்பாராயின் சமூக வரலாற்றிற்கு அவை பெரிதும் பயன்படும்.

இனி, குழந்தைகள்பொருட்டு அரசு மேற்கொண்ட முதற் பெரும் பணியாகிய அம்மை குத்துதலை நோக்குவோம். பெரியம்மைக்குரிய பசு அம்மைப்பால் 1802 சூன் திங்களில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இடப்பட்டது. அங்கிருந்து அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்தது. எவ்வாறு வந்தது என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது. வெப்ப நாட்டில் அம்மைப்பாலைப் புட்டியில் வைத்துக் காத்தல் அரிதாக இருந்தது. ஆதலின் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் அளவில் நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் இட்டனர். அக்குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு இட்டனர். கைமாறிக் கைமாறி நாட்டின் குறுக்கே சென்ற இச்சங்கிலியின் கண்ணிகள் அனைத்தும் பெரும்பாலும் குழந்தைகளே.

பணம் ஒன்றும் வாங்கப்படவில்லை. ஆயினும் செலவு இருந்தது. முதல் நாள் குழந்தையைக் கொண்டு வருதல் வேண்டும்; எட்டாம் நாள் மீண்டும் கொண்டு வருதல் வேண்டும். இடையிற் காய்ச்சலும் கைவீக்கமும் உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய்க்கு இவை கூலியற்ற நாள்கள். எட்டாம் நாள் அவள் வருவது தன் குழந்தையின் நலத்தின்பொருட்டு மட்டுமன்று. அக்குழந்தையின் புண்ணைக் கீறி, ஊரார் பிள்ளைகட்கு வேண்டும் அம்மைப்பாலை எடுத்துக் கொள்ளுதற்பொருட்டும் ஆகும். சில இடங்களில் அம்மைப்பாலைச் சுமந்து செல்லும் உயிர்க்கலமாகவே ஒரு குழந்தையை ஊரூராக அழைத்துச் சென்றனர். அதற்கு ஏழை எளியவரின் பிள்ளைகளே பெரும்பாலும் கிடைத்தனர். மேற்குலத்தார் தாழ்ந்த குலக் குழந்தையின் நீரைத் தம் குழந்தைக்கு ஏற்க மறுத்ததையும், மாரியம்மன் சினத்திற்கு மக்கள் அஞ்சியதையும் ஆவணங்கள் மிகுதியாகப் பேசுகின்றன. அறியாமையும் சாதி வேற்றுமையும் தடைகளாய் இருந்தமை உண்மையே. ஆனால் வராத தாய்மார் அனைவரையும் மூடநம்பிக்கை உடையோர் என எழுதிய அலுவலர், எட்டாம் நாட் கூலியைக் கணக்கிட்டிலர். அவர் எழுதியதை நாமும் வரலாறு என எடுத்தெழுதுதல் முறையன்று.

1880இல் இந்திய அரசினர் அம்மை குத்துதல் பற்றிச் சட்டம் இயற்றினர். பின்னர்ச் சென்னை மாகாண நகராட்சிகளிலும் அது கட்டாயமாயிற்று. அதன்பின் கட்டணம் இல்லை, வாராதார்க்குத் தண்டம் உண்டு என்னும் விந்தையான நிலை ஏற்பட்டது. அம்மை குத்துவோன் கையிற் சிறு காசு வைத்துத் தம் குழந்தையை விட்டுவிடுமாறு வேண்டிக்கொண்ட பெற்றோர் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தனர். விலையில்லாப் பொருளைப் பெறாமலிருத்தற்கு விலை கொடுத்தனர் என்பது இதன் பொருள். இந்நிலையை மாற்றியது சட்டமன்று, அம்மைப்பால் செய்யும் முறையில் ஏற்பட்ட மாற்றமே என்பது எம் கருத்து. கன்றின் உடலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பரவியது. 1899இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம் இதற்கென்றே அமைந்தது. அதன்பின் எட்டாம் நாட் கீறலுக்குத் தேவை இல்லாது போயிற்று. குழந்தையின் உடல் பிறர்க்கு மருந்துக் கலமாகும் நிலையும் ஒழிந்தது. பெரியம்மையை வென்ற வரலாற்றில் இவ்விடைநிலை வெற்றிக்கு உரிய இடம் தரப்படவில்லை.

மருத்துவமனையிற் சேர்த்துச் செய்யும் மருத்துவத்திற்கு வருவோம். இதில் குழந்தைக்கும் வளர்ந்தோர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. வளர்ந்தவர் தனியே படுத்திருத்தல் கூடும். குழந்தை அவ்வாறு இருத்தல் இயலாது. தாய் உடன் இருத்தல் வேண்டும். தாய் உடன் இருப்பின் அவளுக்கு உணவு கொணர ஒருவர் வேண்டும். வீட்டில் எஞ்சிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மற்றொருவர் வேண்டும். ஆகவே நோயுற்ற குழந்தை ஒன்று இருவரையேனும் வேலையினின்று நிறுத்தி விடுகின்றது. படுக்கையின் எண்ணிக்கை ஒன்றெனப் பதிவேடு சொல்லும். குடும்பத்தில் நின்றுபோன கூலியோ இரண்டு.

இந்திய மக்களின் உடல்நலம் பற்றி ஆராய 1943இல் சர் சோசப் போர் தலைமையில் அமைக்கப்பெற்ற குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. 1937ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 ஓராண்டு நிறையுமுன் மாண்டன என்றும், மொத்தச் சாவுகளில் ஏறத்தாழப் பாதி பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுடையவை என்றும் அது கூறிற்று. பணம் கொடுக்க இயலாமையால் எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. மருத்துவம் மக்கள் இருப்பிடத்திற்கு இயன்ற அளவு அணித்தாக இருத்தல் வேண்டும் என்பதையும் அது வற்புறுத்திற்று. பின்வந்தோர் முன்னதைப் போற்றிய அளவு பின்னதைப் போற்றவில்லை. எம் நோக்கில் இரண்டும் ஒரே கொள்கையின் இரு பாதிகள். தொலைவும் ஒரு கட்டணமே. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒரு வட்டாரம் முழுமைக்கும் ஒன்றாக இருந்தன. சமவெளியில் 30,000 மக்கட்கு ஒரு நிலையமும் 5,000 மக்கட்கு ஒரு துணை நிலையமும் என்னும் அளவு மிகப் பிற்பட்டே வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாட்டு வண்டியும் தோளுமே குழந்தைகட்கு ஊர்தியாயின.

அணித்தாக இருப்பினும் காலச் செலவு முற்றும் நீங்கிவிடுவதில்லை. 1980இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலகின் பல பகுதியினரால் பாராட்டப்பெற்றது. ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் மூன்று திங்களேனும் சத்துணவு அளிப்பது அதன் முறை. அச்சத்துருண்டையை மையத்திலேயே உண்பித்தல் வேண்டும். வீட்டிற்குக் கொடுத்தனுப்பினால் பிறர் உண்டுவிடுவர் என்பது காரணம். காரணம் ஏற்புடையதே. ஆயினும் நாள்தோறும் மையத்திற்குக் குழந்தையைக் கொணரும் பொறுப்புத் தாயினுடையது. வயலுக்குப் புறப்படும் நேரமும் மையம் திறக்கும் நேரமும் ஒத்துவராவிடின் உருண்டை மையத்திலும் குழந்தை வயல் வரப்பிலும் இருக்கும். மெலிந்த குழந்தையின் தாயே பெரும்பாலும் கூலிக்குச் செல்லும் தாயாகவும் இருப்பாள்.

மருந்தின் கதை இதனினும் வேறானது. மருத்துவர் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர் எழுதித்தரும் மருந்து இருப்பில் இல்லை. ‘வெளியில் வாங்கிக்கொள்க’ என்பர். இத்தொடரே நெடுங்காலம் இலவச மருத்துவத்தின் உள்ளுறையாய் இருந்தது. சீட்டை ஏந்திய தந்தை மருத்துவமனை எதிரே வரிசையாக நிற்கும் மருந்துக் கடைகளில் ஒன்றிற்குச் செல்வான். அக்கடைகள் அங்கே நெருங்கி நிற்பதே மருத்துவமனைக்குள் மருந்து இல்லாமைக்குச் சான்று. இக்குறையை நீக்கத் தமிழக அரசு 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் ஒன்றை நிறுவியது. 1995 சனவரி முதல் அது மருந்து வழங்கலாயிற்று. இன்றியமையா மருந்துகள் இன்னவை எனப் பட்டியல் வகுத்தல், மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே ஒப்பந்தம் கோரி வாங்குதல், மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்தல், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியிற்போலக் கணக்குப் புத்தகம் கொடுத்து அதன் அளவிற்குள் மருந்து எடுத்துக்கொள்ளச் செய்தல் என்பன அதன் முறைகள். மாத்திரைப் பட்டையின்மேலேயே அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று எனப் பொறித்தமையால் கிடங்கு மருந்து கடைக்குச் செல்லும் வழியும் குறுகிற்று. பிற மாநிலங்களும் பின்னர் இம்முறையைத் தழுவின. கட்டணத்தைக் குறைக்காமலே (குறைக்க ஏதும் இருந்திலது) குடும்பத்தின் செலவைக் குறைத்த பணி என இதனைச் சுட்டலாம். மேடைகளில் இது மிகுதியாகப் பேசப்படுவதில்லை. கிடங்கும் கணக்குப் புத்தகமும் மேடைப் பேச்சிற்கு ஏற்ற பொருள்கள் அல்லபோலும்.

மருந்து இல்லாக் கட்டண நீக்கம் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிற்கு வெளியே தெளிவான சான்று கிடைக்கின்றது. 1980களில் ஆப்பிரிக்க நாடுகள் பல, பன்னாட்டு நிதி நிறுவனங்களின் அறிவுரையின்படி அரசு மருத்துவமனைகளிற் கட்டணம் விதித்தன. பின்னர் அதன் தீமை கண்டு ஒவ்வொன்றாக நீக்கின. தென்னாப்பிரிக்கா 1994இல் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கும் கருவுற்ற மகளிர்க்கும் கட்டணத்தை நீக்கியது. உகாண்டா 2001இல் நீக்கிற்று; நைசர் 2006இல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு நீக்கிற்று; சியரா லியோன் 2010 ஏப்பிரல் 27இல் அவ்வயதுக் குழந்தைகளோடு கருவுற்ற மகளிர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் நீக்கிற்று. உகாண்டாவிற் கட்டணம் நீங்கியதும் ஏழை மக்கள் மருத்துவமனைக்கு வருதல் மிகுந்தது. இது பெரும் நன்மையே. ஆனால் மருத்துவச் செலவால் நிலைகுலையும் ஏழைக் குடும்பங்களின் விழுக்காடு குறையவில்லை என 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. அரசு நிலையங்களில் மருந்து அடிக்கடி தீர்ந்துபோனமையால் மக்கள் வெளிக்கடைகளை நாடினர் என்றும், ஊழியர் மறைமுகமாகப் பணம் பெறுதலும் மிகுந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் காரணம் காட்டினர். நைசரிலோ அரசு நிலையங்கட்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகை காலந்தாழ்ந்தமையால் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. கட்டணம் வாயிலில் நீங்கிற்று. செலவு கொல்லைப்புறமாக வந்தது.

ஊழியர் பெறும் மறைமுகப் பணம் என்றோம். தமிழகத்தில் இதற்கு இனாம், சந்தோஷப் பணம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. பெயர்கள் யாவும் மகிழ்ச்சியையும் கொடையையும் குறிப்பன. கொடுப்பவன் முகத்தில் மகிழ்ச்சி காண்டல் அரிது. பிறந்த குழந்தையை வெளியே கொணர்ந்து காட்டுதற்கு ஒரு தொகை, அதுவும் ஆண் மகவாயின் மிகுதி, பெண் மகவாயின் குறைவு என்னும் வழக்கம் பலரும் அறிந்ததே. தள்ளுவண்டி தள்ளுவதற்கும் துணி மாற்றுவதற்கும் தனித்தனியே கை நீளும். இப்பணிகளைச் செய்வோர் பலர் நிலையற்ற வேலையில் குறைந்த ஊதியம் பெறுவோர் என்பதையும் மறத்தல் ஆகாது. திருமுக்கூடற் கல்வெட்டில் நீர் கொணர்வானுக்கும் நாவிதனுக்கும் நெல் அளக்கப்பட்டது. அவ்வாறு அளக்கப்படாத இடத்தில் நோயாளியின் குடும்பமே அளக்கின்றது.

கூலியிழப்பை அரசின் கணக்கில் ஏற்றிய முதல் முயற்சி எனத் தமிழக வரலாற்றில் நாம் சுட்டத்தக்கது மகப்பேற்று நிதியுதவித் திட்டமாகும். 1987இல் தொடங்கிய இது, இந்திய மகளிருள் சட்டமன்றம் புகுந்த முன்னோடியாகிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயர் தாங்குவது. 2006இல் இத்தொகை 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் பொருளாகத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கருவுற்ற காலத்தும் மகப்பேற்றின் பின்னும் ஏழைப் பெண் இழக்கும் கூலிக்கு ஈடு என்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. 2011ஆம் ஆண்டு அமைப்பில் மூன்றில் ஒரு பங்கு, குழந்தைக்கு உரிய தடுப்பூசித் தவணைகள் நிறைந்தபின் கொடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் எட்டாம் நாள் வாராத தாய்க்குத் தண்டம் விதித்த அரசு, 21ஆம் நூற்றாண்டில் மூன்றாம் தவணைக்கு வந்த தாய்க்குப் பணம் கொடுத்தது. இம்மாற்றத்தின் சிறப்பை ஏற்கின்றோம். எனினும் அப்பணம் பெறுதற்கு வேண்டிய வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, சான்றிதழ் ஆகியவற்றிற்காக எத்தனை முறை நடக்க நேர்ந்தது என்பதும் கணக்கிடற்குரியது. ஈட்டுத்தொகைக்கும் ஒரு சுமைகூலி உண்டு.

நடுவண் அரசு 2011 சூன் முதல் நாள் தொடங்கிய சனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதன் சிறப்பு அதன் பட்டியலிலே உள்ளது. கட்டணம் இல்லை எனக் கூறுவதோடு நில்லாது, மருந்து, கருவிப் பொருள்கள், ஆய்வுகள், குருதி, தாய்க்கு உணவு, வீட்டினின்று மருத்துவமனைக்கு ஊர்தி, உயர் மருத்துவமனைக்கு மாற்றின் அதற்கு ஊர்தி, மீண்டும் வீடு சேர்க்க ஊர்தி எனத் தனித்தனியே எண்ணி உரிமையாக்குகின்றது. திருமுக்கூடற் கல்வெட்டின் நடையை இதிற் காண்கின்றோம் எனின் மிகையாகாது. தமிழகத்தில் 2008இல் தொடங்கிய 108 ஊர்தி, இடர்ப்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது. திரும்பும் வழியை அது பாராது. இரவில் விடுவிக்கப்பட்ட தாய் கைக்குழந்தையோடு வாடகை ஊர்திக்குப் பேரம் பேசும் நிலையை உணர்ந்தோரே திரும்பும் வழியையும் உரிமைப் பட்டியலிற் சேர்த்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் 30 நாள் வரையுள்ள நோயுற்ற குழந்தைக்கு இருந்த இவ்வுரிமை 2013இல் ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. ஓராண்டும் ஒரு நாளும் ஆன குழந்தைக்கு அது இல்லை.

வழிச்செலவைக் குறைத்த மற்றொரு செயல் மருத்துவத் துறையைச் சார்ந்ததன்று. 2021 மே திங்களில் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணத்தை நீக்கிற்று. குழந்தையை அணிமையிலுள்ள நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் தாய்க்கு இதனால் விளைந்த நன்மை மருத்துவக் கணக்கில் ஏறாது. ஆயினும் இச்சலுகை நகரப் பேருந்தளவில் நிற்பது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும் செல்லும் நெடுவழிப் பேருந்துகட்கு இல்லை. நோய் கடுமையாகுந்தோறும் வழி நீளும். வழி நீளுந்தோறும் சலுகை குறையும்.

இச்செலவுகளின் அளவை ஓரளவு அறிய நாட்டு மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று உதவுகின்றது. 2017 சூலை முதல் 2018 சூன் வரை நடந்த அவ்வாய்வின்படி, மகப்பேறு நீங்கலாக, அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்து மருத்துவம் பெற இந்தியக் குடும்பங்கள் சராசரியாகச் செய்த மருத்துவச் செலவு 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனைகளில் இது 31,845 ரூபாய். எல்லா வயதினரையும் எல்லா மாநிலங்களையும் சேர்த்த சராசரி இது; தமிழகக் குழந்தைகட்கு இதனை நேரே பொருத்துதல் தகாது. ஆயினும் ஊர்தியும் உடனிருப்போர் உணவும் தங்குமிடமும் இத்தொகையிற் சேரவில்லை, அவை வேறாகக் கணக்கிடப்பட்டன என்பது நோக்கத்தக்கது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரே கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என நடுவண் அரசின் கணக்கு கூறுகின்றது. இக்குறைவு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இழந்த கூலி இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பணம் இல்லாமையால் மருத்துவமனைக்கே செல்லாதிருந்த குடும்பம் இதிற் செலவில்லாத குடும்பமாகவே தோன்றும்.

இவ்விறுதிச் செய்தி வரலாற்று மாணவர்க்கு மிக வேண்டப்படுவது. மருத்துவமனையின் வருகைப் பதிவேடு வந்தோரையே எண்ணும். செலவிற்கு அஞ்சி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் எனக் காத்திருந்து, மூன்றாம் நாள் குழந்தை துவண்டபின் கொணர்ந்த குடும்பத்தைப் பற்றி அது கூறுவது ‘காலந்தாழ்ந்து வந்தமை’ என்னும் ஒரு குறிப்பே. வயிற்றுப்போக்கிலும் மார்ச்சளியிலும் அவ்விரண்டு நாளே உயிரின் எல்லை. காத்தினின் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குச் சென்று திரும்பும் கால அளவே பல இடங்களில் அத்தாழ்வாக இருந்திருக்கும். அடகுச் சீட்டுகளை நம் நூலகங்கள் தொகுப்பதில்லை. நாட்டுப்புறப் பாடல் தொகுப்போர் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடிச் செல்லும்பொழுது, பாடும் மூதாட்டியரிடம் இவ்வினாவையும் சேர்த்துக் கேட்பாராயின் எழுத்தில் இல்லாத பல செய்திகள் கிடைத்தல் கூடும்.

இன்னும் ஒரு செலவு உண்டு. தாய் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் வீட்டில் உலைவைப்பதும், இளையவற்றைப் பார்ப்பதும், தூக்குச்சட்டியோடு பேருந்து ஏறுவதும் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த மகளின் பணியாகின்றன. அந்நாள்களில் அவள் பள்ளிக்குச் செல்வதில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் அது வாராமை எனப் பதியும். மருத்துவமனைப் பதிவேட்டில் அவள் பெயரே இராது. இவ்விரு பதிவேடுகளையும் நாள் வாரியாக ஒருங்கு வைத்து நோக்கும் ஆய்வை, முதுகலை மாணவர் ஒருவர் ஓர் ஊராட்சியளவிலேனும் மேற்கொள்ளலாம்.